வார்டில் எத்தனை செவிலியர் என்பதை யார் முடிவு செய்வது?

ஒரு பொது வார்டில் ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள முடியும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சுகாதாரத் துறை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படிக் கேட்டபோது, மருத்துவமனை நிர்வாகங்களின் கூட்டமைப்பு பத்துப் பேர் என்றது. கலிபோர்னியா செவிலியர் சங்கம் மூன்று பேர் என்றது. இரு தரப்பையும் கேட்ட அரசு, முதலில் ஆறு, ஓராண்டு கழித்து ஐந்து என்று தீர்மானித்தது. 2004 ஜனவரி 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. ஒரு மாநிலத்தின் எல்லா மருத்துவமனைகளுக்கும், அரசுடையதோ தனியாருடையதோ, செவிலியர் விகிதத்தைச் சட்டமே வகுத்தது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அந்த எண்ணைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது செவிலியர்களின் அமைப்பு. நம் ஊரிலோ செவிலியர் சங்கம் என்றால், சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் வெயிலில் உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்பவர்கள் என்பதோடு பலருடைய எண்ணம் நின்றுவிடுகிறது. அவர்கள் கேட்பது அவர்களுடைய பிழைப்பு மட்டும்தான் என்று அரசும் நினைக்கிறது, செய்தி படிக்கும் நாமும் நினைக்கிறோம். ஆனால் செவிலியர் அமைப்புகள் கேட்பதில் பெரும்பகுதி பொதுமக்களின் சுகாதாரக் கொள்கை. ஆகவே அந்தக் கொள்கையை வகுக்கும் இடத்தில் அவர்களுக்குச் சட்டப்படி ஓர் இருக்கை வேண்டும் என்பதே என் வாதம்.

கலிபோர்னியாவில் அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற விதி 1970-களிலிருந்தே அங்கே இருந்தது. பொது வார்டுகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1990-களில் காப்பீட்டு நிறுவனங்கள் செலவைக் குறைக்கச் சொல்லி மருத்துவமனைகளை நெருக்கியபோது, நிர்வாகங்கள் முதலில் கைவைத்தது செவிலியர் எண்ணிக்கையில்தான். பதிவு பெற்ற செவிலியர் நின்ற இடத்தில் குறுகிய காலப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வந்து நின்றார்கள். கலிபோர்னியா செவிலியர் சங்கம் இதை எதிர்த்தது. தேசிய அளவிலான அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் மென்மையான போக்கு போதாது என்று 1995-ல் அதை விட்டுப் பிரிந்தும் வந்தது. 1996-ல் மக்கள் வாக்கெடுப்புக்குப் போய்த் தோற்றது. 1998-ல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் பீட் வில்சன் தன் தடுப்பதிகாரத்தால் அதை முடக்கினார். (அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர்.) மறு ஆண்டு ஷீலா கியூல் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த ‘ஏபி 394’ மசோதாவில், புதிதாக வந்த ஆளுநர் கிரே டேவிஸ் கையெழுத்திட்டார். இத்தனை ஆண்டுகளிலும் சங்கத்தின் கோரிக்கை மாறவே இல்லை. ‘எங்களுக்கு வேலைப்பளு அதிகம்’ என்று பொதுவாகப் புலம்பாமல், ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளி, அதற்கு மேல் கூடாது, எந்த ஷிப்டிலும் எந்த நிமிடத்திலும் கூடாது என்று திட்டவட்டமாகக் கேட்டது. வார்டு பக்கமே போகாத வாக்காளருக்கும் அந்தக் கோரிக்கை புரிந்தது. கோரிக்கையை எண்ணாக மாற்றியதில்தான் அந்தச் சங்கத்தின் சாமர்த்தியம் இருந்தது என்று நினைக்கிறேன்.

சட்டம் வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. அடுத்து ஆளுநரான நடிகர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர், ஆறிலிருந்து ஐந்தாகக் குறைய வேண்டிய நேரத்தில், 2004 நவம்பரில் அவசர விதி ஒன்றைப் பிறப்பித்து அதைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட்டார். செவிலியர் கிடைக்கவில்லை, மருத்துவமனைகள் மூடப்படும் நிலை என்பது அவர் தரப்பு. எதிர்த்துக் குரல் கொடுத்த செவிலியர்களைத் தன்னலக் கூட்டம் என்று ஒரு பெண்கள் மாநாட்டு மேடையிலேயே சாடினார். சங்கம் நீதிமன்றம் போனது. அவசர நிலை எதுவும் இல்லை என்று 2005 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு முழுக்க ஆளுநர் போன இடமெல்லாம் செவிலியர்கள் பதாகையோடு நின்றார்கள். ஆசிரியர்களும் தீயணைப்பு வீரர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நவம்பரில் ஆளுநர் நடத்திய சிறப்பு வாக்கெடுப்பில் அவருடைய முன்மொழிவுகள் அத்தனையும் தோற்றன. அதன் பிறகு, நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டைக் கைவிட்டார். ஐந்து என்பது நிலைத்தது.

ஒரு சங்கம் வென்றது என்பதால் அது கேட்டது சரி என்று ஆகிவிடாது. அதற்குச் சான்று வேண்டும். 2002-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐகன் குழு, அந்த மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. அதே குழு 2010-ல் கலிபோர்னியாவை நியூ ஜெர்சியோடும் பென்சில்வேனியாவோடும் ஒப்பிட்டது. அந்த இரு மாநிலங்களிலும் அறுவைச் சிகிச்சை வார்டுகளில் கலிபோர்னியாவின் விகிதம் இருந்திருந்தால் அறுவைச் சிகிச்சை மரணங்கள் முறையே 13.9 சதவீதமும் 10.6 சதவீதமும் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டது. இதற்கு மாறான முடிவுகளையும் சொல்லத்தான் வேண்டும். சட்டம் வந்த புதிதில் கலிபோர்னியாவிலேயே நடந்த ஓர் ஆய்வு, நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுவதிலும் படுக்கைப் புண்ணிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. செவிலியர் அதிகமுள்ள மருத்துவமனை வேறு பல வகையிலும் நல்ல மருத்துவமனையாக இருக்கலாமே, பலன் அதனாலும் வந்திருக்கலாமே என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளைப் பார்த்து 2014-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்விலும் அதே 7 சதவீதம் வந்து நின்றபோது, அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினமாகிவிட்டது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. எட்டு மணி நேர ஷிப்ட் என்பது 480 நிமிடம். ஐந்து நோயாளி என்றால் ஒருவருக்கு 96 நிமிடம். நாற்பது நோயாளி என்றால் 12 நிமிடம். அந்த 12 நிமிடத்துக்குள் மாத்திரை கொடுக்க வேண்டும், ஊசி போட வேண்டும், டிரிப்ஸ் மாற்ற வேண்டும், கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கூடப் போக வேண்டும், உறவினர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இவற்றில் எதை விட்டாலும் யாராவது கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்க ஆளில்லாத வேலை ஒன்றுதான்: நோயாளியின் முகத்தைப் பார்ப்பது. அறுவைச் சிகிச்சை முடிந்த ஒருவருக்கு நள்ளிரவுக்கு மேல் நாடித் துடிப்பு மெல்லக் கூடுகிறது, சிறுநீர் குறைகிறது, பேச்சில் லேசான குழப்பம் தெரிகிறது என்றால் உள்ளே ரத்தக் கசிவோ கிருமித் தொற்றோ தொடங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் பார்த்துவிட்டால் டாக்டரை எழுப்பிக் காப்பாற்றிவிடலாம். விடியற்காலை பார்த்தால் நேரம் கடந்திருக்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துபோகிற சில நிமிடங்களைத் தவிர மற்ற நேரமெல்லாம் நோயாளியின் அருகே இருப்பது செவிலியர்தான். அவர் பக்கத்தில் வராத இரவில் என்ன நடந்தது என்பது இறப்புச் சான்றிதழில் ‘செவிலியர் பற்றாக்குறை’ என்று எழுதப்படுவதில்லை. இதயச் செயலிழப்பு என்றோ செப்சிஸ் என்றோ எழுதப்படுகிறது. அதனால்தான் இந்தக் குறை கணக்கில் வராமலேயே போகிறது. அதைக் கணக்கில் கொண்டுவர அந்த வார்டில் நின்றவர்களின் அமைப்புகளை விட்டால் வேறு ஆள் இல்லை.

செலவு பற்றிய கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்குள்ள செவிலியர் சங்கத்தின் இயக்கத்தைத் தொடர்ந்து, 2016-ல் 27 அரசு மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் பகலில் நான்கு பேருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று விதி வந்தது. விதி வந்த மருத்துவமனைகளையும் வராத மருத்துவமனைகளையும், விதிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் ‘லான்செட்’டில் வெளியானது. கூடுதலாகத் தேவைப்பட்ட செவிலியர்கள் 167 பேர். செலவு சுமார் 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலர். மறுபடி சேர்க்கை குறைந்ததாலும் நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதாலும் மிச்சமானது சுமார் 6.9 கோடி டாலர். உயிர்கள் தனிக் கணக்கு. அந்த நாட்டின் சம்பளமும் படுக்கைச் செலவும் நம் நாட்டுக்குப் பொருந்தாது. இதே தொகை இங்கே மிச்சமாகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செவிலியரைக் குறைப்பது சிக்கனம் என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இனி நிர்வாகத் தரப்புக்கு வந்துவிட்டது.

இந்தியச் செவிலியர் அமைப்புகளுக்கும் நெடிய வரலாறு உண்டு. லக்னோவில் 1905-ல் செவிலியர் கண்காணிப்பாளர்கள் ஒன்றுகூடித் தொடங்கிய முயற்சி, 1908-ல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கமாக வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு வேலை பார்க்கலாம் என்றிருந்த காலத்தில், பயிற்சிக்கும் பதிவுக்கும் சட்டம் வேண்டும் என்று அந்தத் தலைமுறை கேட்டது. சென்னை மாகாணத்தில் 1926-லேயே செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்துவிட்டது. 1947-ல் வந்த இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம், மன்றத்துக்கு மாநில மன்றங்களிலிருந்து செவிலியர்கள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றது. பயிற்சி பெற்ற செவிலியர் சங்கமும் தன் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்று தனியே ஓர் இடம் தந்தது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், ஒரு தொழில்முறைச் சங்கத்துக்குக் கொள்கை மேசையில் இருக்கை உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னாளில் இந்த மன்றம், பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று அளவுகோலும் வகுத்தது. தமிழகத்தைச் சேர்ந்த சமூக சேவகர் சரோஜினி வரதப்பன் தலைமையில் மத்திய அரசு 1987-ல் அமைத்த உயர்நிலைக் குழுவும் செவிலியரின் எண்ணிக்கை, வேலைநேரம், வாழ்நிலை எல்லாவற்றையும் ஆராய்ந்து 1989-ல் பரிந்துரைகளைத் தந்தது. ஆக, நமக்கு எண் தெரியாமல் இல்லை. கலிபோர்னியாவின் எண்ணுக்குச் சமமான, பயிற்சி மருத்துவமனைகளில் அதைவிடக் கண்டிப்பான எண்ணே காகிதத்தில் இருக்கிறது. அதை மீறினால் என்ன ஆகும் என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

சங்கங்கள் நெருக்கினால் காகிதம் கொஞ்சமாவது நகரும் என்பதற்குச் சம்பள வழக்கு ஒரு சாட்சி. தனியார் மருத்துவமனைகள் செவிலியரின் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, ‘பாண்டு’ எழுதி வாங்கிக்கொண்டு, சொற்பச் சம்பளத்துக்கு வேலை வாங்குவதை எதிர்த்துப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 2011-ல் உச்ச நீதிமன்றம் போனது. 2016 ஜனவரி 29 அன்று, நிபுணர் குழு அமைத்து ஆராயுங்கள் என்று நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கை கொண்ட மருத்துவமனையானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் என்று குழு பரிந்துரைத்தது. சுகாதாரம் மாநிலப் பொருள் என்பதால் மத்திய அரசு அதை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. பெரும்பாலான மாநிலங்களில் கோப்பு அங்கேயே தங்கிவிட்டது. கேரளத்தில் தங்கவில்லை. காரணம், 2011-ல் திருச்சூரில் உருவான ஐக்கிய செவிலியர் சங்கம். வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை என்று ஆண்டுக்கணக்கில் அது விடாமல் நெருக்கியது. 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் தொடங்கவிருந்த வேளையில், தனியார் செவிலியருக்கு 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று மாநில அரசின் அறிவிக்கை வந்தது. நீதிமன்றமும் நிபுணர் குழுவும் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாகவே இருந்தன. பரிந்துரை விதியாக மாறியது, அதை விடாமல் கேட்க ஓர் அமைப்பு இருந்த இடத்தில்.

தமிழ்நாட்டைப் பற்றிப் பேசும்போது பெருமைக்குரிய ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை நியமித்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்ததில் இந்த மாநிலம் நாட்டுக்கே வழிகாட்டியது. நள்ளிரவில் வலி எடுத்தால் கிராமத்துப் பெண் பக்கத்து நிலையத்துக்கு நம்பிப் போகலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. மூன்று என்ற அந்த எண்ணும் ஒரு செவிலியர் விகிதம்தான். ஷிப்டுக்கு ஒருவர் என்ற எளிய கணக்கு ஒரு மாநிலத்தின் தாய்-சேய் நலத்தையே மாற்றிக் காட்டியது. ஆனால் அந்த வேலையைப் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான் கொடுத்தோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தபோது தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் என்ற வாக்குறுதி. அது நிறைவேறாததால் 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுப் போராட்டத்தைக் கைவிடச் சொன்னது. பிறகு தொகுப்பூதியம் 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது. பணி நிரந்தரக் கோரிக்கையோ ஆட்சி மாறியும் அடுத்தடுத்த போராட்டங்களாகத் தொடர்ந்தது. இந்தச் செய்திகள் எல்லாமே சம்பளச் செய்திகளாகவும் போக்குவரத்து நெரிசல் செய்திகளாகவும்தான் நம்மிடம் வந்து சேர்ந்தன. இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் ஒப்பந்தச் செவிலியர் எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டுப் போகக்கூடியவர் என்றால், பிரசவ அறையில் கை பழகியவர்கள் தங்குவதில்லை என்று பொருள்; அதன் விலையைக் கொடுப்பவர் கர்ப்பிணி. இந்தத் தொடர்பைச் சங்கங்களும் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம்.

சங்கம் என்றாலே சுயநலம்தானே, அதைக் கொள்கை வகுக்கும் இடத்தில் உட்கார வைத்தால் தன் உறுப்பினருக்கு வேண்டியதைத்தானே கேட்கும் என்பது முதல் ஆட்சேபம். கேட்கும்தான். மருத்துவர் சங்கங்களும் மருந்து நிறுவனங்களின் கூட்டமைப்பும் மருத்துவமனை உரிமையாளர்களும் அதையேதான் செய்கிறார்கள். அவர்களை ஆலோசனைக்கு அழைக்க நாம் தயங்குவதில்லை. ஒரு தரப்பின் நலன் நோயாளியின் நலனோடு எந்த அளவு ஒத்துப்போகிறது என்பதைப் பார்த்துத்தான் அதன் பேச்சுக்கு எடை தர வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கு அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அந்நாட்டு மருத்துவர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1958-லேயே ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அதற்காக மருத்துவர்களின் கோபத்துக்கும் ஆளானது. 1965-ல் அந்தக் காப்பீடு ‘மெடிகேர்’ என்ற பெயரில் சட்டமானது. அந்தத் தீர்மானத்தால் செவிலியர் யாருக்கும் சம்பளம் உயரவில்லை. பில் கட்ட முடியாமல் கிழவரும் கிழவியும் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள் என்பதுதான் காரணமாக இருந்திருக்க முடியும்.

வேலைநிறுத்தம் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. செவிலியர் வார்டை விட்டு வெளியேறினால் அந்த நேரத்தில் துன்பப்படுவது எளிய நோயாளி. அதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் வேலைநிறுத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் ராயல் செவிலியர் கல்லூரி 1916-ல் தொடங்கப்பட்ட செவிலியர் அமைப்பு. வேலைநிறுத்தம் கூடாது என்பதை நீண்ட காலம் தன் விதியாகவே வைத்திருந்தது. வேல்ஸில் 2016-ல் செவிலியர் எண்ணிக்கைச் சட்டம் வந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் பேசிப் பேசித்தான் வென்றது. அதே அமைப்பு 2022 டிசம்பரில் இங்கிலாந்தில் முதல் முறையாக வேலைநிறுத்தத்துக்குப் போனது. அப்போதும் டயாலிசிஸ், கீமோதெரபி, தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகியவற்றை நிறுத்தவில்லை. பேச இடமிருந்த காலத்தில் சட்டம் வந்தது, இடமில்லாத காலத்தில் மறியல் வந்தது. வேலைநிறுத்தத்துக்கு அஞ்சுகிறவர்கள்தான் சங்கத்துக்கு இருக்கை வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.

சின்ன மருத்துவமனைகள் தாங்குமா என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஒரு டவுனில் பத்துப் படுக்கையோடு நடக்கும் நர்சிங் ஹோமுக்கும் நானூறு படுக்கை கார்ப்பரேட் மருத்துவமனைக்கும் ஒரே விதியை ஒரே நாளில் விதிக்க முடியாது. கலிபோர்னியாவே ஆறில் தொடங்கித்தான் ஐந்துக்கு வந்தது. ‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டுதோறும் நம் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் செவிலியர்களில் பலர் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். வேறு பலர் கல்யாணத்துக்குப் பிறகு தொழிலையே விடுகிறார்கள். 2023 மத்திய பட்ஜெட் 157 புதிய செவிலியர் கல்லூரிகளை அறிவித்தது. படித்து வருகிறவர்களைத் தக்கவைக்கும் வழியைப் பார்க்காமல் கல்லூரியை மட்டும் கூட்டினால் அது ஏற்றுமதிக்கு ஆள் தயாரிப்பதாகவே முடியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2000-க்குப் பிறகு விகிதம் கட்டாயமானபோது, வேலையை விட்டுப்போன செவிலியர்கள் பலர் மருத்துவமனைக்குத் திரும்பினார்கள். தாங்கக்கூடிய வேலை என்று தெரிந்தால் ஆள் வருகிறது.

சங்கங்கள் எல்லாம் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. கேரளத்துச் சங்கத்தின் நிதி நிர்வாகத்தின் மீதே 2019-ல் புகார் எழுந்து விசாரணை நடந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 2018-ல் செவிலியர் விகிதத்தை வாக்கெடுப்புக்கு விட்டபோது, மாநிலச் செவிலியர் சங்கம் ஆதரித்தது, அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் மாநிலக் கிளை எதிர்த்தது. மருத்துவமனைகள் பெரும் பணம் செலவழித்தன. செவிலியர்களே இரண்டாக நின்றதைப் பார்த்த வாக்காளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். நம் மாநிலத்தில் நிரந்தரச் செவிலியருக்கு ஒரு சங்கம், ஒப்பந்தச் செவிலியருக்கு வேறு சங்கம், தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே இல்லை என்ற நிலை நீடிக்கும்வரை, எந்த அரசும் ஒருவரை அழைத்துப் பேசி இன்னொருவரை ஓரங்கட்டிவிட முடியும். சங்கங்கள் இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. எந்த வார்டில், எந்த ஷிப்டில், எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அன்றாடம் குறித்து வைப்பது. அந்தக் குறிப்பேடு நூறு முழக்கங்களைவிட அமைச்சரைச் சங்கடப்படுத்தும். கலிபோர்னியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் சங்கத்தின் கையில் அதுதான் இருந்தது: ஓர் எண்ணும், அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஆய்வும்.

இந்த நேரத்தில்தான் இருக்கை கைநழுவிப் போயிருக்கிறது. 1947 சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 29 பேர் கொண்ட ஆணையம் அது. தலைவர் செவிலியராகவே இருக்க வேண்டும் என்பது நல்ல மாற்றம். கல்வித் தரத்தை ஒழுங்குபடுத்த தனி வாரியங்கள் வந்ததையும் வரவேற்கலாம். ஆனால் தேர்தல் வழி வந்தவர்களின் இடத்தில், பதவி வழி வருகிறவர்களும் அரசு நியமிக்கிறவர்களும் உட்காருகிறார்கள். நியமிக்கப்பட்டவர் எவ்வளவு தகுதியானவராக இருந்தாலும், செவிலியர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 149-ஆம் உடன்படிக்கை, செவிலியர் சேவையைத் திட்டமிடுவதில் செவிலியர்களின் பங்கேற்பை வளர்க்க வேண்டும், அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1977-லேயே சொன்னது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. ஏற்றால் ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

தில்லி ஏற்கும்வரை சென்னை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லிருந்து நம்மிடம் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் அதன் கீழ்தான் பதிவு பெறுகின்றன. ஒவ்வொரு வார்டின் வாசலிலும் அன்றைய ஷிப்டில் இருக்கும் நோயாளிகள், செவிலியர்கள் எத்தனை பேர் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அதன் விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம். அரசு மருத்துவமனைகளுக்கு ஓர் அரசாணை போதும். அதற்குப் பிறகு விகிதத்தை எந்த அளவில் தொடங்குவது, எத்தனை ஆண்டில் இறுக்குவது, சின்ன மருத்துவமனைக்கு என்ன சலுகை என்பதை முடிவு செய்ய ஒரு குழு வேண்டும். அதில் மருத்துவமனை உரிமையாளரும் சுகாதாரத் துறை அதிகாரியும் இருக்கட்டும். நிரந்தர, ஒப்பந்த, தனியார் செவிலியர் அமைப்புகள் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்களும் அதே வாக்குரிமையோடு அதில் இருக்க வேண்டும். உரிமையாளர்கள் பத்து என்று சொல்லட்டும், செவிலியர்கள் மூன்று என்று சொல்லட்டும். இருவரும் தங்கள் கணக்கை மேசையில் வைக்கட்டும்.